கைக்கு எத்தனை விழுக்காடு?

(தாராவியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பம்பாய்க்கு ரயிலேறியபோது நாம் கொண்டுவந்த மூலதனம் என்ன? இரண்டு கைகள். அந்தக் கை மிஷினில் சிக்கினால், போனது எத்தனை விழுக்காடு என்று ஒரு காகிதம் முடிவு செய்கிறது. அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. சுண்டுவிரல் என்றால் 7. ஒரு கையே போனால் 60. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இப்படியொரு பட்டியல் உண்டு.

பட்டியலுக்கு விரல் தெரியும், தொழில் தெரியாது. ஆள்காட்டி விரலை இழந்த காவலாளி மறுநாளும் காவல் காக்கலாம். தோல் வெட்டுகிறவர் என்ன செய்வார்?

1968-இல் ஒடிசாவில் ஒரு தச்சர் திரையரங்க வேலையின்போது விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பட்டியல்படி 70 விழுக்காடுதான் என்று முதலாளி வழக்காடினார். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருடைய இயலாமை முழு இயலாமையே என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 70 அல்ல, 100!

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? டாக்டர் கைப்பிடியின் வலுவைப் பார்ப்பார். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பார். அப்போது வெட்கப்பட்டு, "பரவாயில்லை ஐயா" என்று சொல்லாதீர்கள். எந்த மிஷினில் நின்றீர்கள், எவ்வளவு பாரம் தூக்கினீர்கள், இப்போது எது முடியவில்லை என்று சொல்லுங்கள். இந்தி, மராத்தி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

தாய்மார்களே, நீங்களும் உடன் போங்கள். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்பதை அவர் வாய்திறந்து சொல்லமாட்டார். நீங்கள் சொல்லுங்கள்.

இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு மருத்துவ வாரியம் விழுக்காட்டை முடிவு செய்யும். அது குறைவென்று பட்டால் மேல்முறையீடு உண்டு. அந்த அட்டை இல்லாத சிறு பட்டறைத் தோழர்கள் நாள் கடத்தாமல் நஷ்டஈட்டு மனு போட வேண்டும்.

பணத்தோடு கதை முடிவதில்லை. நம் தெருத் தம்பி ஒருவர் கட்டு அவிழ்த்த பிறகு, வலிக்கிறதென்று கையை அசைக்காமலே வைத்திருந்தார். விரல்கள் விறைத்துவிட்டன. வெட்டுக்காயம் பறித்ததைவிட, அசைக்காமல் விட்டது பறித்தது அதிகம். ஹாஜி அலியில் 1955 முதல் மத்திய அரசின் உடல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. உடற்பயிற்சி, செயற்கை உறுப்பு எல்லாம் அங்கே உண்டு. மாஹிமில் ரயிலேறி மகாலட்சுமியில் இறங்கினால் பக்கம்தான்.

தோழர்களே, கை நம்முடையது. அதன் கணக்கும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள், சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து போவோம்.