கண் எனும் அமானிதம்

 

"கண் நன்றாகத்தானே தெரிகிறது, வைத்தியசாலை எதற்கு?" பதுளையிலும் பசறையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் சீனி வியாதியுள்ள பெற்றோர் பலர் இவ்வாறு கேட்பதுண்டு. ஆபத்து இக்கேள்வியிலேயே மறைந்திருக்கிறது.

குருதியில் சீனி நெடுநாள் கூடியிருப்பின், விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்கள் பழுதடைந்து கசியும். வலி இராது, ஆரம்பத்தில் பார்வையும் குறையாது. மங்கத் தொடங்கும்போது நோய் முற்றியிருக்கக் கூடும். லேசர் சிகிச்சையும் ஊசி மருந்தும் எஞ்சிய பார்வையைக் காக்கவே பெரிதும் உதவும்.

மூக்குக்கண்ணாடியை மாற்றுவது இதற்குப் பரிகாரமன்று. வருடத்திற்கு ஒருமுறையேனும் சொட்டு மருந்திட்டு, கண்மணியை விரித்து, விழித்திரையைப் பரிசோதித்தல் வேண்டும். அதன்பின் சில மணி நேரம் பார்வை தெளிவாயிராது.

ஆகவே இளைஞர்களே! வாப்பாவையும் உம்மாவையும் தனியே அனுப்பாதீர்கள். பஸ் படியிலும் மலைப்பாதையிலும் கைபிடித்துச் செல்லுங்கள். "ஒரு நாள் பேர் போய்விடுமே" என அஞ்சும் தாய்க்கு அந்த நாட்கூலியை நீங்கள் ஈடுசெய்யுங்கள்.

பெற்றோரே! மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். தேநீரில் சீனியைத் தவிருங்கள். இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துங்கள், புகைத்தலை விட்டொழியுங்கள். ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் ஆலோசனை பெறுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது.

கொழுந்தைத் தேர்ந்து கிள்ளுவதும் குர்ஆனைப் பார்த்து ஓதுவதும் இந்தக் கண்களாலேயே. அல்லாஹ் தந்த அமானிதத்தைப் பேணிக்கொள்வோமாக!