கூரையில் நீலப் பாய், கையில் பத்திரம் இல்லை



2017 செப்டம்பர் 20. அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவை மரியா சூறாவளி விடிகாலையில் தாக்கியது. தீவு முழுக்க இருண்டது. கடைக்கோடி வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது.

கூரை பறந்த வீடுகளைச் சரிசெய்யப் பணம் தர, அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமா விண்ணப்பம் வாங்கியது. "வீடு உங்களுடையதுதானா? பத்திரம் எங்கே?" என்று கேட்டது. அங்கே பல குடும்பங்களில் தாத்தா கட்டிய வீட்டில் அப்பா ஓர் அறையைச் சேர்த்துக் கட்டுவார். பிறகு பேரப்பிள்ளைகள் குடியிருப்பார்கள். பெயர் மாற்றிப் பதியும் வழக்கம் இல்லை. பதியத்தான் வேண்டும் என்று அந்தத் தீவின் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் பல்லாயிரம் மனுக்கள் தள்ளுபடியாயின. வீட்டை இழந்து நிற்பவரிடம் காகிதம் கேட்பது எனக்குப் பெரிய கொடுமையாகவே படுகிறது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்தில் வாழும் கறுப்பினக் குடும்பங்களும் இதே சுவரில்தான் முட்டிக்கொண்டன.

2021 செப்டம்பரில் ஃபீமா விதியைத் தளர்த்தியது. வீட்டைப் பழுதுபார்த்த ரசீது போதும். எதுவுமே இல்லையென்றால், கடைசி வழியாக, தானே எழுதித் தரும் உறுதிமொழியும் செல்லும்.

இந்த மாற்றம் வர நாலு வருஷம். அரசு தற்காலிகமாக விரித்துக் கொடுத்த நீல பிளாஸ்டிக் பாய், வெயிலில் வெளுத்து, ஓரம் கிழிந்து, அடுத்தடுத்த மழைக்காலங்களிலும் பல வீடுகளுக்குக் கூரையாகவே கிடந்தது.