ஒரே ஜன்னல், 14 வருஷம்

இன்னைக்கு கொஞ்சம் மெதுவாப் பேசப்போறேன்.

"மனசு சரியில்லையா? ஒரு கேமரா வாங்கு, எங்கயாவது கிளம்பு." இந்த அட்வைஸை உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பாங்க. எனக்கும் சொன்னாங்க. அப்பா தவறி ஏழு மாசம் ஆகியிருந்தது. ஆபிஸ் போறேன், கோட் எழுதறேன், வீட்டுக்கு வர்றேன். யார் கேட்டாலும் "நல்லா இருக்கேன்". சரின்னு இஎம்ஐ-ல ஒரு கேமரா வாங்கி, கொடைக்கானலுக்கு பஸ் ஏறினேன். சின்ன வயசுல அங்க ஏரிக்கரையில அப்பாகூட எடுத்த போட்டோ ஒண்ணு வீட்டுல இருக்கு. அதே இடத்தைத் தேடிக் கண்டுபிடிச்சு, அதே ஆங்கிள்ல எடுத்தேன். ஏரி இருந்தது. படமும் ஷார்ப்பா வந்தது. ரூமுக்கு வந்து பார்த்தப்போ, கிளம்பும்போது இருந்ததைவிட மோசமா இருந்தது.

அதுக்கப்புறம்தான் யோசெஃப் சுடெக் பத்திப் படிச்சேன்.

சுடெக் 1896-ல் பிறந்தவர். இன்றைய செக் நாட்டுக்காரர். புக் பைண்டிங் கற்றுக்கொண்டவர். முதல் உலகப்போரில் இத்தாலியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே வலது கையில் அடிபட்டு, கையையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. பைண்டிங் இரண்டு கை வேலை. அந்தத் தொழில் அதோடு முடிந்தது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பல காலம் கழிந்தது. கையில் கேமரா இருந்தது. ஆபிஸ் வேலை ஒன்று கிடைக்கவிருந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு ப்ராக் நகரில் போட்டோகிராபி படித்தார். போரில் ஊனமானவர்கள் தங்கியிருந்த இல்லத்தில், தன்னைப் போன்றவர்களையே படம் எடுத்தார்.

1926-ல் இசைக்கலைஞர்களான நண்பர்கள் கச்சேரிக்காக இத்தாலி போனார்கள். சுடெக்கும் கூடப் போனார். ஒரு ராத்திரி, கச்சேரி நடுவில் எழுந்து காணாமல் போய்விட்டார். இருட்டில் வழி தவறி, அலைந்து, விடியற்காலையில் ஒரு வயல்வெளியைக் கண்டுபிடித்தார். அவருக்கு அடிபட்ட இடம். அன்றைக்கு அவரைத் தூக்கிப்போய்ப் படுக்கவைத்த பண்ணைவீடு அப்படியே நின்றது. கை அங்கே இல்லை. இதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நண்பர்கள் போலீஸை விட்டுத் தேடினார்கள். இரண்டு மாசம் கழித்துத்தான் ப்ராக் திரும்பினார். அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒரு பயணம் அவர் போகவே இல்லை.

இதைப் படிச்சதும் போனைக் கீழ வெச்சிட்டேன். கொடைக்கானல்ல நான் செஞ்சதும் இதுதானே!

ஆனா கதை இங்க முடியல. சுடெக்கின் ஸ்டுடியோ ஒரு தோட்டத்துக்குள் இருந்த சின்ன மரக் கொட்டகை. 1940-ல், நாஜிகள் பிடியில் ப்ராக் இருந்த சமயத்தில், அந்தக் கொட்டகையின் ஜன்னலைப் படம் எடுக்க ஆரம்பித்தார். 1954 வரைக்கும் எடுத்தார். ஒரே ஜன்னல், 14 வருஷம். கண்ணாடியில் வியர்த்த நீர், உறைபனி, மழைத்துளி. வெளியே வளைந்து நிற்கும் ஒரு மரம். சில சமயம் விளிம்பில் ஒரு டம்ளர் தண்ணீரோ ஒரு பூவோ. பெரிய கேமரா, ஒரு கை போதாத இடத்தில் பல்லையும் பயன்படுத்தியிருக்கிறார். நெகட்டிவை என்லார்ஜ் செய்யாமல், அதே அளவில் பிரிண்ட் போட்டார்.

போருக்குப் பிறகு அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தவர் சோன்யா புல்லாட்டி. வதைமுகாமிலிருந்து உயிர் தப்பி ப்ராக் திரும்பிய யூதப் பெண். குடும்பத்தில் யாரும் மிஞ்சவில்லை. அந்தக் கொட்டகையில் அவர் கேமரா கற்றுக்கொண்டார். பின்னாளில் அமெரிக்காவில் போட்டோகிராபர் ஆனார். சுடெக்கைப் பற்றி 1978-ல் ஒரு புத்தகமும் கொண்டுவந்தார். ரெண்டு பேருக்கும் போனது எதுவும் திரும்பி வரல. வேலை மட்டும் தினமும் இருந்தது.

அப்போ நான் ஒண்ணு பண்ணேன். எங்க வீட்டு பால்கனி ஜன்னல். காலையில ஸ்டாண்ட்-அப் காலுக்கு முன்னாடி ஒரே ஒரு படம். எடிட் கிடையாது, இன்ஸ்டாகிராம் கிடையாது. அப்பா வெச்ச கறிவேப்பிலைச் செடி, எதிர் வீட்டு மொட்டைமாடித் தண்ணி டேங்க், வெயில். முப்பது நாள் ஆனதும் எல்லாத்தையும் ஒண்ணா ஸ்கிரீன்ல விரிச்சுப் பார்த்தேன். முப்பது படத்துலயும் ஃபிரேம் ஒரே இடத்துல வெட்டியிருந்தது. இடது பக்கம் அப்பா பேப்பர் படிக்கிற பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு படத்துல கூட அது இல்ல. நான் பிளான் பண்ணி விடல. என் கை விட்டிருக்கு.

"நல்லா இருக்கேன்"னு ஏழு மாசமா நான் சொன்னது பொய்னு எனக்கு அந்தப் படங்கள்தான் சொல்லிச்சு. மறுநாள் கேமராவை ரெண்டடி இடது பக்கம் நகர்த்தினேன். நாற்காலி மேல தூசி, ஒரு காஞ்ச இலை. எடுத்து முடிச்சிட்டு உள்ள போய் அம்மாகிட்ட அப்பாவைப் பத்திப் பேசினேன். தகனம் முடிஞ்சதுக்கப்புறம் அதான் முதல் தடவை. அம்மா அழுதாங்க, நானும் அழுதேன். அன்னைக்கு ஸ்டாண்ட்-அப்புக்கு லேட்.

போட்டோகிராபி எல்லாத்தையும் குணமாக்கும்னு நான் சொல்லல. தூக்கம் வரல, சாப்பாடு இறங்கல, வாழவே பிடிக்கலன்னா தயவுசெஞ்சு டாக்டரைப் பாருங்க. கேமரா அதுக்கு மாற்று கிடையாது. ஆனா நாம எதைப் பார்க்காம ஒதுக்குறோம்னு அது காட்டும். அதுக்கு லடாக் போகணும்னு இல்ல, போன் கேமராவே போதும். ஒரே இடம், ஒரே நேரம், ஒரு மாசம். அப்புறம் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. படத்துல என்ன இருக்குன்னு பாருங்க. எது வரவே இல்லைன்னும் பாருங்க.

கறிவேப்பிலை இப்போ புதுசாத் துளிர் விட்டிருக்கு. நாற்காலியைத் துடைச்சாச்சு. அம்மா அதுல உட்கார்ந்துதான் காபி குடிக்கிறாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.