பொழுது சாயுமுன் கூலி

இறக்குவானையிலிருந்தும் காவத்தையிலிருந்தும் பலாங்கொடையிலிருந்தும் விடியமுன் பஸ் ஏறி எம்பிலிப்பிட்டிய வந்து சேர்ந்த ஆசிரியர்களே, மாணவர்களே!

யூதரையும் தமிழரையும் சேர்த்துப் பேசினால் நம்மவர்கள் மயிலில்தான் தொடங்குவார்கள். சாலமோன் அரசனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலைக் குறிக்கும் ‘துக்கி’ என்ற எபிரேயச் சொல் நம்முடைய ‘தோகை’ என்பது கால்டுவெல் எடுத்துச் சொன்ன பழைய கருத்து. இனிமையான உறவுதான். ஆனால் தோட்டத்தில் பிறந்த எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுவது கூலி.

யூத வேதமான தோராவின் ஐந்தாம் நூலைக் கிறிஸ்தவ நண்பர்கள் உபாகமம் என்பார்கள். அதன் 24ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. ஏழைக் கூலியாளுக்கு அன்றைய கூலியை அன்றே, பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும். அவன் சொந்த இனத்தவனா, வந்து குடியேறிய அந்நியனா என்று பார்க்கக்கூடாது. அந்தக் காசை நம்பித்தான் அவன் உயிர் இருக்கிறது என்று காரணமும் அங்கேயே இருக்கிறது. நம் பாட்டன்மாரோ தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் சம்பளத்துக்குக் காத்திருந்தார்கள். அவர்களுடைய கடனை எழுதி, அதை அடைப்பவர் ஆட்களை எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்த சீட்டுக்குத்தான் ‘துண்டு’ என்று பெயர். அதைச் சட்டத்தால் தடைசெய்ய 1921 வரை ஆயிற்று. கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் கூலியாக ‘அரைப்பேர்’ போடுவதை இங்குள்ள பலரும் தம் தாய்மாரிடமிருந்து கேட்டறிந்திருப்பீர்கள்.

அதே அதிகாரம் இன்னும் சொல்கிறது. வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே. அது அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது. ஏன்? நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய். ஓய்வுநாளில் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்பதற்கும் உபாகமம் காட்டும் காரணம் அந்த அடிமை வாழ்வுதான். பட்ட துன்பம் அங்கே புலம்பலாகவோ பெருமையாகவோ நின்றுவிடாமல், பிறருக்குக் கூலி கொடுக்கும் முறையாக மாறுகிறது. உலகச் சமயநூல்களில் இதற்கு நிகரான இடத்தை நான் அதிகம் கண்டதில்லை.

யூதர்களின் பஸ்கா இரவில் வீட்டின் கடைசிப் பிள்ளை, இந்த இரவு மட்டும் ஏன் வேறுபட்டது என்று கேட்கிறது. புளிக்காத அப்பத்தையும் கசப்புக் கீரையையும் முன்னால் வைத்துக்கொண்டு பெரியவர்கள் எகிப்தின் கதையைச் சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் தாமே அங்கிருந்து புறப்பட்டு வந்ததாக எண்ண வேண்டும் என்பது மரபு. அந்தப் புறப்பாட்டின் நினைவாகவே கூடாரப் பண்டிகையில் ஏழு நாள் குடிலில் தங்குவார்கள். லயக் காம்பிராவில் வளர்ந்தவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

1840களில் காபிரியேல், மொரிஸ் டி வோர்ம்ஸ் என்ற யூத சகோதரர்கள் புசல்லாவையில் கோப்பித் தோட்டம் திறந்தார்கள். தாய்வழி உறவினரின் பெயரால் அது ரொத்சைல்ட் தோட்டம் ஆயிற்று. பொழுது சாயுமுன் கூலி கொடு என்ற வேதம் துரையின் குடும்பத்துக்கு உரியது. காட்டை வெட்டிக் கோப்பி நட்ட கைகள் நம்முடையவை. இந்தச் சந்திப்பை நம் ஆய்வாளர்கள் எழுத வேண்டும்.

2023இல், மலையக மக்கள் இந்தியாவிலிருந்து வந்த 200 ஆண்டு நிறைவை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தார்கள். அந்த நடை நம் வீட்டுக்குள்ளும் வர வேண்டும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பாட்டியை நாடற்றவளாக்கிய கதை எத்தனை வீடுகளில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் பேசப்படுகிறது? இன்னொன்றையும் கேட்கிறேன். படித்து உத்தியோகத்துக்கு வந்த நம்மில் சிலர், லயத்துப் பிள்ளையை வீட்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். அவளுக்கு ஓய்வுநாள் எது? சம்பள நாள் எது?

இந்த அரங்கில் கட்டுரைகள் வாசிக்கப்படட்டும், விவாதம் நடக்கட்டும். இன்றிரவு வீடு திரும்பியதும், உங்கள் கொப்பாட்டன் எந்தக் கரையில் இறங்கி எந்தக் காட்டுவழியில் நடந்து வந்தார் என்று உங்கள் கடைசிப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். யாருக்காவது கூலி பாக்கி இருந்தால், நாளைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடுங்கள்.