இல்லத்தில் கழிந்த இளமை



வேற்று மாநிலத்தில் இரு தமிழர் சந்தித்தால் முதலில் எழும் வினா, ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்பதாகும். இவ்வினாவுக்கு நாம் விடை கூறத் தயங்கிய காலம் ஒன்று உண்டு. எட்டு வயது முதல் பதினைந்து வயது வரை நாம் வளர்ந்தது வீட்டிலன்று. பெங்களூரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில். அந்நினைவுகளுள் சிலவற்றையும், அவை நம் உள்ளத்தில் எழுப்பிய எண்ணம் ஒன்றையும் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

நம் பெற்றோர் ஊத்தங்கரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கட்டட வேலைக்காகப் பெங்களூர் வந்தவர்கள். தந்தையார் காலமானபின், தாயார் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலைக்கு அமர்ந்தார். பின்கட்டில் தங்க இடம் தந்தார்கள். ஆனால் பிள்ளையை உடன் வைத்துக்கொள்ள இசையவில்லை. ஆகவே 1980களின் இறுதியில் ஒரு நாள், தண்டுப் பகுதியில் இருந்த இல்லமொன்றில் நம்மைச் சேர்த்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்து சென்றார். திரும்பிப் பார்த்திருந்தால் அவரால் போயிருக்க முடியாது என்பது பிற்காலத்தில்தான் நமக்கு விளங்கிற்று.

அது ஆங்கிலேயர் காலத்துக் கற்கட்டடம். வழக்கங்களும் அக்காலத்தனவே. மணி அடித்தால் எழவேண்டும். மணி அடித்தால் உண்ணவேண்டும். துணிகளில் ஆளுக்கொரு எண் கறுப்பு நூலால் தைத்திருக்கும். நம் எண் 27. ஆயினும் வண்ணான் வீட்டிலிருந்து மூட்டை வந்ததும் கைக்குக் கிடைத்த சட்டையையே போட்டுக்கொள்வோம். நமக்கே உரியதென்று இருந்தது, தாயார் கொடுத்த பித்தளைத் தம்ளர் ஒன்றுதான். அதையும் சமையற்கட்டுப் பாத்திரங்களோடு சேர்த்துவிட்டார்கள். பல நாள் பந்தியில் உட்கார்ந்து, அது யார் கையில் இருக்கிறதென்று தேடியிருக்கிறோம்.

இல்லத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அங்கே வயிறார உண்டோம்; பள்ளிக்குச் சென்றோம்; கன்னடம் என்னும் அழகிய மொழியைக் கற்றோம். மாலையில் களி உருண்டையும் குழம்பும் கிடைக்கும். அங்கே அதை ‘முத்தே’ என்றும் ‘சாரு’ என்றும் கூறுவார்கள். பண்டம் நம் ஊர்ப் பண்டமே, பெயர்தான் வேறு. நாம் மொழிபெயர்ப்பாளராவதற்கு வித்திட்டது அந்தப் பந்தி என்றே சொல்லலாம்.

ஆனால் ஒன்றை இழந்தோம். தாயார் மாதத்திற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், ‘சாப்பிட்டாயா, கண்ணு?’ என்று கேட்டார். ‘ஊட்டா ஆயித்து’ என்று நம் வாயில் விடை வந்தது. தாயார் முதலில் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னொரு நாள் அலுவலகத்துப் பதிவேட்டைப் பார்க்க நேர்ந்தது. ‘சொந்த ஊர்’ என்ற இடத்தில் ‘மதராஸ்’ என்றிருந்தது. எழுதியவருக்குத் தமிழர் எல்லாரும் மதராஸ்காரர்களே! தாயாரும் வராமற் போயிருந்தால், அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் யாரைத் தேடியிருக்க முடியும்?

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இத்தகைய இல்லங்கள் பெருகியிருந்த இங்கிலாந்திலேயே இக்குறையை உணர்ந்தவர்களும் தோன்றினார்கள். மைரா கர்ட்டிஸ் அம்மையார் தலைமையில் அமைந்த குழு 1946இல் தன் அறிக்கையை அளித்தது. பல இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் இருந்தன. தனக்கென ஒரு பொருளும், தன்னை ஓர் ஆளாக மதித்து அன்பு காட்டுவாரும் இல்லை என்று அக்குழு கண்டது. பெரிய கூடங்களை விடுத்து, குடும்பம் போன்ற சிறு இல்லங்களை அமைக்கவேண்டும் என்றது. அதன் பயனாக 1948இல் குழந்தைகள் சட்டம் பிறந்தது.

ஆயினும் அதே நாட்டில் வேறொரு கொடுமையும் தொடர்ந்தது. இல்லத்துக் குழந்தைகள் பலரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள்; 1960களின் பிற்பகுதி வரையில் இது நடந்தது. பெற்றோர் உயிரோடிருக்கவே, இறந்துவிட்டனர் என்று சில குழந்தைகளிடம் கூறினர். 1986இல் மார்கரெட் ஹம்ப்ரீஸ் என்ற சமூகப் பணியாளர் இதனை ஆராயத் தொடங்கினார். நரை கண்ட பருவத்திலும் பலர் தம் தாயின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தது அப்போது உலகுக்குத் தெரிந்தது. 2009இல் ஆஸ்திரேலியப் பிரதமரும், 2010இல் பிரிட்டிஷ் பிரதமரும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டனர். மன்னிப்பு வந்தது, பலருக்குத் தாய் கிடைக்கவில்லை.

நம் நாட்டிலும் பெருமைக்குரிய முன்மாதிரி உண்டு. 1930இல் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டை அடைக்கலமாக நாடி வந்தனர். அவர்கள் பிறப்பைக் காரணம் காட்டி, விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக் காத்தார். அதிலிருந்து எழுந்ததே அவ்வை இல்லம். ஒரு குழந்தை எங்கிருந்து வந்தது என்பதைக் குறித்து வைப்பது வேறு. அதைச் சொல்லிப் பழிப்பது வேறு. முன்னது குழந்தையின் உரிமை. பின்னது நமது சிறுமை.

இன்று நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் நடைமுறையில் உள்ளது. காப்பற்ற குழந்தை ஒன்று கண்டெடுக்கப்பட்டால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின்முன் கொண்டுவர வேண்டும். இயன்றவரை குடும்பத்தோடு சேர்க்க வேண்டும்; இல்லத்தில் வைப்பது கடைசி வழியே என்பது அச்சட்டத்தின் நெறிகளுள் ஒன்று. ஆனால் குழந்தை பேசுவது ஒரு மொழி, கேட்பவர் அறிந்தது வேறு மொழி என்றால், சட்டம் என்ன செய்யும்? ஊர்ப் பெயர் திரிந்துவிட்டால் உறவுக்கு வழி அடைந்துவிடுகிறது.

இங்கேதான், அன்பர்களே, வேற்று மாநிலங்களில் வாழும் தமிழருக்கு ஒரு பணி காத்திருக்கிறது. பிழைப்புக்கு வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் நகரத்து இல்லங்களிலும் இருக்கக்கூடும். உங்கள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவை அணுகி, தமிழ் பேசும் குழந்தை வந்தால் மொழிபெயர்க்க வருவதாகச் சொல்லி வையுங்கள். குழந்தை ‘மாரியம்மன் கோவில் பக்கம், புளியமரத்து வீடு’ என்று மட்டும் சொல்லக்கூடும். அதைப் பொறுமையாகக் கேட்டு, அது எந்த வட்டாரப் பேச்சு என்று உணர்ந்து, சரியாக எழுதித் தாருங்கள். தெருவில் தவிக்கும் பிள்ளையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு விழாக்களுக்கு ஆகும் உழைப்பில் நூற்றில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

நமக்கு அந்த உதவியைச் செய்தவர், இல்லத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்த கிருஷ்ணகிரிப் பக்கத்து மூதாட்டி ஒருவர். நம் ஊட்டா அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அன்று முதல் அவர் நம்மிடம் தமிழிலேயே பேசினார். நாம் கன்னடத்தில் விடை கூறினால், களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இது என்ன, சொல்லு’ என்பார். ‘களி’ என்றால்தான் தட்டில் விழும். ஓராண்டுக்குப்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ‘சாப்பிட்டேன் அம்மா, நீ சாப்பிட்டாயா?’ என்று தாயாரைக் கேட்டோம். இன்று யாரேனும் நம் ஊர் எதுவென்று கேட்டால், தயங்காமல் சொல்கிறோம்.