பள்ளி என்னும் சொல்
(விழா அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



என்னை இங்கு அழைத்த அன்பர்கள் ஒரு வேண்டுகோளும் விடுத்தனர். பள்ளி என்று முடியும் ஊர்களெல்லாம் ஒரு காலத்தில் சமணர் உறைந்த ஊர்களே என்பதை நிறுவிப் பேச வேண்டும் என்றனர். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் மண்ணில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன் நான். அந்த வேண்டுகோளை முழுதும் நிறைவேற்ற என்னால் இயலாது. ஏன் இயலாது என்பதையே இன்று சொல்ல விழைகின்றேன்.

முதலில் நமக்குப் பெருமை தரும் பகுதியைச் சொல்லிவிடுகின்றேன். மதுரையை அடுத்த மாங்குளம் குன்றில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை 1882 ஆம் ஆண்டில் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். அவற்றைக் கி.மு. 2 ஆம் நூற்றாண்டினவாக அறிஞர் கணிப்பர். கணி நந்தன் என்னும் சமணத் துறவிக்கு நெடுஞ்செழியனின் பணியாளன் ஒருவன் குகையைச் செப்பம் செய்து கொடுத்த செய்தி அவற்றுள் வருகின்றது. அவ்வுறையுளைக் குறிக்கும் சொல் 'பளிஇய்' என வெட்டப்பட்டுள்ளது. நம் பள்ளிதான் அது. தமிழில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளிலேயே இச்சொல் சமணரின் உறைவிடத்தைச் சுட்டி நிற்கின்றது.

அக்குகைகளில் நாம் காண்பவை கற்படுக்கைகள். படுக்கையும் பள்ளி, படுக்கை அமைந்த இடமும் பள்ளி. பள்ளியறை, பள்ளிகொள்ளுதல், திருப்பள்ளியெழுச்சி என்னும் வழக்குகள் எல்லாம் துயிலைப் பற்றியனவே. ஆண்டில் எட்டு மாதம் நடந்துகொண்டே இருக்கும் முனிவர்கள் மழைக்காலத்து நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவர். தங்கிய இடத்தில் ஊர்ப்பிள்ளைகள் வந்து எழுத்துக் கற்றனர். ஆகவே கல்விச்சாலைக்கும் பள்ளி என்பதே பெயராயிற்று என்று நம் பெரியோர் கூறுவர். இதனை நானும் ஏற்கின்றேன். திருமங்கையாழ்வார் பிரகலாதன் ஓதிய இடத்தைப் பள்ளி என்றே பாடுகின்றார். அதாவது கி.பி. 8 ஆம் நூற்றாண்டுக்குள் இப்பொருள் சமயம் கடந்து ஊன்றிவிட்டது. பள்ளம் என்னும் சொல்லோடு இணைத்து, தாழ்ந்த இடமே பள்ளி என்பாரும் உளர். பழம் பள்ளிகள் பலவும் குன்றின்மேல் இருக்க, அவ்விளக்கம் எனக்கு ஒவ்வவில்லை.

இனி எல்லை கடந்து பார்ப்போம். தெலுங்கில் பல்லெ, பல்லி என்றால் சிற்றூர். கன்னடத்தில் அதுவே ஹள்ளி. பழங்கன்னடத்துப் பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. பால் ஹாலு ஆனது போல, புலி ஹுலி ஆனது போல, பள்ளி ஹள்ளி ஆயிற்று. எங்கள் அருப்புக்கோட்டையில் நெசவாளர் வீடுகள் பலவற்றில் கன்னடமும், சுற்றுக் கரிசல் ஊர்களின் உழவர் வீடுகள் பலவற்றில் தெலுங்கும் இன்றும் ஒலிக்கின்றன. ஆதலால் பள்ளிக்கூடம் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு, வீட்டில் அதே சொல் 'ஊர்' என்று பொருள் தரும். தெலுங்கில் நிலக்கடலைக்கும் 'பல்லீ' என்ற பெயர் உண்டு. அது வேறு சொல். வடபுல மொழிகளில் காயைக் குறிக்கும் 'பலீ' என்பதன் வழி வந்தது. கடலை விளையும் எங்கள் மண்ணில் இவ்விரண்டையும் குழப்பிச் சிரிப்பவர் உண்டு.

வடமொழியில் பல்லீ என்பது சிற்றூரையும் குறிக்கும், சுவரில் ஊரும் பல்லியையும் குறிக்கும். ஊர் என்ற பொருள் திராவிட மொழிகளிலிருந்து அங்குச் சென்றது என மொழிநூலார் கருதுவர். அங்கிருந்து அது வங்கம் வரை பரவியது. சரத்சந்திரரின் 'பல்லி சமாஜ்' நாவல் சிற்றூர்ச் சமூகத்தின் கதை. நாட்டுப்புறப் பாடலை வங்காளிகள் பல்லிகீதி என்பர். அங்கே பல்லியில் சமயமும் இல்லை, கல்வியும் இல்லை; வயலும் குளமும் குடிசையுமே உண்டு.

மலையாளத்தில் பள்ளி என்றால் கிறித்தவ ஆலயம், மசூதி. யூதர் வழிபட்ட இடத்தையும் யூதப்பள்ளி என்றனர். நாமும் பள்ளிவாசல் என்கின்றோமே! சிங்களத்திலும் 'பல்லிய' என்பது தேவாலயமே. வைதிகக் கோயிலுக்குப் புறம்பான வழிபாட்டிடம் எதுவாயினும் அதற்குப் பள்ளி என்று பெயரிடும் பழைய வழக்கம், சமணரிலும் பௌத்தரிலும் தொடங்கிப் பின்வந்தோர்க்கும் நீண்டது என்பது என் துணிபு. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு இராசராச சோழன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக விட்டதை லெய்டன் செப்பேடு கூறும். ஆகவே பள்ளிச்சந்தம் என்றவுடன் சமணம் என்று முடிவு கட்டுதலும் ஆகாது.

ஒலி ஒத்தவை எல்லாம் உறவும் ஆகா. ஆங்கிலத்தில் நெருங்கிய தோழமையைக் குறிக்கும் 'பாலி' என்னும் பேச்சுவழக்கு, 'பால்' என்ற சொல்லினின்று வந்தது. அது ஐரோப்பிய நாடோடிகளான ரோமா மக்களின் மொழியில் உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல்; வடமொழி 'ப்ராத்ரு'வின் கிளை. இந்தியாவினின்று புறப்பட்ட சொல்தான், எனினும் நம் பள்ளிக்கு அது உறவன்று. கிரேக்கத்தில் 'பாலி' என்றால் 'மீண்டும்'. பௌத்த நூல்களின் மொழிக்குப் பெயரான பாளி, வரியையும் மூலநூல் வாசகத்தையும் சுட்டும் சொல்.

இப்போது எங்கள் சீமைக்கு வருகின்றேன். திருச்சுழிக்கு அருகே குண்டாற்றங்கரையில் பள்ளிமடம் என்றோர் ஊர் உண்டு. பெயரைக் கேட்டவுடன் நம் உள்ளம் துள்ளும்: பள்ளியும் மடமும் சேர்ந்தே இருக்கின்றனவே! ஆனால் அங்குள்ள காளநாதசுவாமி கோயில், சுந்தரபாண்டியன் என்னும் அரசகுடியினனின் பள்ளிப்படையாக எழுந்த சுந்தரபாண்டிய ஈசுவரம் என்று கல்வெட்டறிஞர் கூறுவர். பள்ளிப்படை என்பது இறந்தோரைப் பள்ளிப்படுத்த இடத்தில் எழுப்பும் கோயில். பட்டீசுவரத்துப் பஞ்சவன்மாதேவி பள்ளிப்படை போன்றது. அவ்வூர்ப் பெயரில் உள்ள பள்ளி முனிவர் துயின்ற பள்ளியன்று, ஒரு மன்னன் மகன் துயிலும் பள்ளி எனக் கொள்வதே பொருந்தும்.

அதற்காக நாம் சோர வேண்டுவதில்லை. அதே வெண்புநாட்டில், இன்றைய காரியாபட்டிப் பக்கத்துக் குறண்டியில், திருக்காட்டாம்பள்ளி என்னும் பெரும் சமணப் பள்ளி இருந்தது. அப்பள்ளியின் பெயர் தாங்கிய கற்கள் பள்ளிமடத்துக் கோயில் கட்டடத்தில் இடம்பெற்றுள்ளன என்றும் அறிஞர் எழுதியுள்ளனர். மதுரைக் கீழக்குயில்குடிச் செட்டிப்புடவில், வெண்புநாட்டுக் குறண்டி அட்டோபவாசி படாரர், அவர் மாணாக்கர் குணசேனதேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என ஆசிரிய வழிமுறை ஒன்று கல்லில் நிற்கின்றது. அட்டோபவாசி என்பது எட்டு உண்ணாநோன்பு நோற்றவரைக் குறிக்கும். மழை பொய்க்கும் வறண்ட சீமையில், பசியை நோன்பாக்கிய ஓர் ஆசிரியரும், மாணாக்கர்க்கு மாணாக்கர் ஒருவரும்! இதனினும் தெளிவான பள்ளி எங்கே உண்டு?

குறண்டிக்குச் சான்று ஊர்ப்பெயர் அன்று. ஆள்பெயரும் நாட்டுப்பெயரும் நோன்பின் பெயரும் ஒன்றுகூடி நிற்றலே. பள்ளிமடத்தையும் நமதென்று பலகை எழுதி நட்டால், நாளை ஒருவர் பள்ளிப்படைக் கல்வெட்டைக் காட்டுவார். அப்போது குறண்டியைப் பற்றி நாம் சொல்வதையும் அவர் நம்பமாட்டார். திருச்சிராப்பள்ளிக்குத் திரிசிரன் என்னும் அரக்கன் கதையும் உண்டு, சிரா என்னும் முனிவர் பெயர்க் காரணமும் உண்டு. பின்னதன் பக்கம் என் மனம் சாய்கின்றது. ஆனால் மலைக்குகையின் படுக்கைகளையும் எழுத்தையும் காட்டித்தான் அதைச் சொல்வேனேயன்றி, பள்ளி என்ற ஈற்றைக் காட்டியன்று.

உங்களுள் பலர் வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்தினர். நிலம் வைத்திருப்போர் வீட்டில் பழம் பத்திரங்கள் இருக்கும். அவற்றில் வயல்களுக்கு இட்ட பெயர்களைப் படித்துப் பாருங்கள். திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பையை அடுத்துப் பள்ளிச்சந்தல் என்ற ஊரே இருக்கின்றது. பள்ளிச்சந்தம், பள்ளிச்சந்தல், பள்ளிமேடு என்று ஏதேனும் கண்ணிற்பட்டால், சர்வே எண்ணோடும் அருகே உள்ள குளம், பாறை, சிலை முதலியவற்றின் குறிப்போடும் தாளில் எழுதி அறக்கட்டளையாரிடம் கொடுத்துவையுங்கள். அடுத்த ஆண்டு நான் வரும்போது அத்தாள்களை ஒவ்வொன்றாக உங்களோடு அமர்ந்து படிக்க ஆவலாயிருக்கின்றேன்.