ரைனாவின் பாட்டு



நாவலுக்குள் பாட்டுக்கு என்ன வேலை என்று பேசச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு நாவலைப் பற்றி மட்டும் பேசுகிறேன். டோனி மாரிசன் 1977இல் வெளியிட்ட 'சாங் ஆஃப் சாலமன்'. கதையையே திறந்துவைக்கும் பாட்டு ஒன்று அதில் வருகிறது. அதை மாரிசனே எழுதினார். அவருடைய தாய்வழிக் குடும்பத்தில் பாடிவந்த ஒரு பாட்டு அதற்கு விதை. அடிமைகள் சிலர் ஆப்பிரிக்காவுக்கே பறந்து திரும்பிவிட்டார்கள் என்று கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை இன்னொரு விதை.

நாவலில் வரும் குடும்பத்தின் பெயர் 'டெட்'. செத்தவர் என்று பொருள். அடிமை முறை ஒழிந்தபின், விடுதலையானவர்களைப் பதிவுசெய்யும் அலுவலகத்தில் குடிபோதையில் இருந்த ஒரு வெள்ளைக்காரன், கேட்ட பதில்களைக் கட்டம் மாற்றி எழுதிவிடுகிறான். பிறந்த ஊர் ஒருவரின் பெயராகிறது. அப்பா செத்துவிட்டார் என்று அவர் சொன்னது குடும்பப் பெயராகிறது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உழைத்து நிலம் சேர்க்கிறார். ஏதோ ஒரு தாளில் அடையாளம் போடவைத்து அதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், பிறகு சுட்டும் கொல்கிறார்கள். பஞ்சமி நிலக் கதை தெரிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவருடைய பேரன் மில்க்மேன், தங்கம் தேடி வர்ஜீனியாவில் ஒரு சிற்றூருக்குப் போய்ச் சேர்கிறான். அங்கே குழந்தைகள் வட்டமாகச் சுற்றி விளையாடியபடி பாடுகிறார்கள். அது தன் கொள்ளுத்தாத்தா சாலமனைப் பற்றிய பாட்டு என்பது மெல்ல மெல்ல அவனுக்கு உறைக்கிறது. அரசாங்கத் தாளில் தொலைந்துபோன தாத்தாவின் உண்மையான பெயர், ஜேக், அதில் இருக்கிறது. எழுதிக்கொள்ளப் பார்க்கிறான். விமானச் சீட்டின் துண்டு கையில் இருக்கிறது, பேனா இல்லை. கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்கிறான். படித்த பேரன், படிக்காத தாத்தா கற்றுக்கொண்ட வழியில்தான் கற்க வேண்டியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆனால் தாள் பொய், பாட்டு உண்மை என்று சொல்லி மாரிசன் நிறுத்திக்கொள்ளவில்லை.

சாலமன் பறந்துவிட்டான். சரி, அவன் மனைவி ரைனா? 21 பிள்ளைகளோடு தரையில் விடப்பட்டவள், துக்கத்தில் புத்தி பேதலித்துப்போனவள். பருத்திக் காட்டில், ஆண்டையின் பிடியில் தன்னைத் தனியே விட வேண்டாமென்று அவள் கெஞ்சுவதும் அதே பாட்டில்தான் இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தா பறந்தார் என்று மில்க்மேன் குதூகலிக்கும்போது, கூட இருக்கும் ஸ்வீட் என்ற பெண், யாரை விட்டுவிட்டுப் பறந்தார் என்று கேட்கிறாள். அவன் கைவிட்ட ஹேகர் அதற்குள் ஊரில் செத்துப்போயிருக்கிறாள். அவனுக்கு அது இன்னும் தெரியாது.

பாட்டை மாரிசனே எழுதியதால் இது முடிந்தது என்று நினைக்கிறேன். பறந்தவனின் புகழை மட்டும் வைத்திருந்தாலும் கதை ஓடியிருக்கும்.

என் தாத்தா இயக்கத்துக்காக ஊர் ஊராகப் போனவர். அவர் பேசிய கூட்டங்களின் துண்டறிக்கைகளை என் ஆய்வில் சான்றாகச் சேர்த்திருக்கிறேன். ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு கூலிக்கு நடவு நட்ட பாட்டி, அவர் வீட்டுக்கு வராத நாட்களை எண்ணிச் சொல்லும் ஒரு நடவுப் பாட்டைத் தானாகக் கட்டிப் பாடுவார். அதை அலைபேசியில் பதிவுசெய்து இரண்டாம் இயலில் சேர்த்தேன். "இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டார் நெறியாளர். பதில் சொல்லத் தெரியாமல் எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், தாத்தாவின் பெயருக்குக் குறைவு வந்துவிடுமோ என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. அதை நெறியாளர் தலையில் கட்ட முடியாது.

போன மாதம் அந்தப் பாட்டை மறுபடியும் சேர்த்திருக்கிறேன், அடிக்குறிப்பாக அல்ல, இயலின் தொடக்கத்தில். நெறியாளர் இன்னும் படிக்கவில்லை.